பூஜ்ஜியமா, வெற்றிடமா: மணிக்கட்டு வினாத்தாளைத் தமிழில் சோதித்தபோது வந்த ஒரு தாள்

ஒரே நோயாளி, ஒரே மேசை, இரண்டு அளவுகள். பிடி வலுவை அளக்கும் டைனமோமீட்டரில் இடது கைக்கு 21 கிலோ வந்தது. எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் பிரித்திருந்த வலது கைக்கு 7 கிலோ. அதே மேசையில் அவர் சொல்லச் சொல்லக் குறித்த வினாத்தாளின் கூட்டுத்தொகை 100க்கு 46. இந்தத் தாளில் 0 என்றால் கைக்கு ஒரு தொந்தரவும் இல்லை, 100 என்றால் அதைவிட மோசம் கிடையாது. வலுவில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம், பிழைப்பும் நின்று கிடக்கிறது. தாளோ பாதிக்கும் குறைவான பாதிப்பு என்று சொன்னது.

பிடி வலுவும் நோயாளி சொல்லும் மதிப்பெண்ணும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை, உண்மைதான். அப்படிப் போவதாக இருந்தால் வினாத்தாளே தேவையில்லை, டைனமோமீட்டர் மட்டும் போதும். அதனால் முரண்பாட்டை வைத்தே தாளைக் குறை சொல்லிவிட முடியாது. எங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது கூட்டுத்தொகை இல்லை. அதற்குள்ளே வரிசையாக நின்ற ஆறு பூஜ்ஜியங்கள்.

தாளைப் பற்றி

நாங்கள் எடுத்துக்கொண்டது பி.ஆர்.டபிள்யூ.ஈ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும், மணிக்கட்டை நோயாளியே மதிப்பிடும் வினாத்தாள். கனடாவைச் சேர்ந்த ஜாய் மெக்டெர்மிட்டும் குழுவினரும் உருவாக்கி 1998இல் வெளியிட்டது. மொத்தம் 15 கேள்விகள். ஐந்து வலியைப் பற்றியவை, பத்து வேலையைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. வலியின் கூட்டுத்தொகை 50க்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். வேலைக் கேள்விகளின் கூட்டுத்தொகையைப் பாதியாக்கி அதையும் 50க்குக் கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்தால் 100. வேலைக் கேள்விகளில் ஆறு குறிப்பிட்ட செயல்கள்: கதவின் உருண்டைக் கைப்பிடியைத் திருப்புவது, கத்தியால் இறைச்சி வெட்டுவது, சட்டைப் பொத்தான் போடுவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழுவது, 10 பவுண்டு எடையைத் தூக்கிச் செல்வது, கழிப்பறையில் டிஷ்யூ காகிதத்தைப் பயன்படுத்துவது. மீதி நான்கும் பொதுவானவை: தன் உடம்பைக் கவனித்துக்கொள்வது, வீட்டுவேலை, தொழில், பொழுதுபோக்கு.

தோள்பட்டை முதல் விரல் வரைக்கும் கேட்கும் டேஷ் வினாத்தாளும் இருக்கிறது. அதில் 30 கேள்விகள். புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து வெளிநோயாளி பிரிவில், வாசலில் ஐம்பது பேர் நிற்கும்போது 30 கேள்வி கேட்பது நடக்கிற காரியமில்லை. மணிக்கட்டு நோயாளிக்கு 15 கேள்வியே போதும் என்று முடிவு செய்தோம்.

மொழிபெயர்ப்புக்கு, 2000இல் பீட்டனும் மற்றவர்களும் வகுத்த வழிமுறையைப் பின்பற்றினோம். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். ஒருவர் விஷயம் தெரிந்தவர், இன்னொருவர் தெரியாதவர். இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு குழு உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைசியில் 30 முதல் 40 நோயாளிகளிடம் முன்சோதனை. திரும்ப மொழிபெயர்ப்பவருக்கு ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பது நல்லது என்கிறது வழிமுறை. தமிழ் வாசிக்கத் தெரிந்த அப்படியொருவரைத் தேடுவது, ஆரோவில் பக்கத்திலேயே இருந்தும், சுலபமாக இல்லை. சரி, அது வேறு கதை. தாளை உருவாக்கியவர்களின் அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தமிழில் ஒப்புதல் படிவம் எல்லாம் வழக்கம்போல.

திரும்ப ஆங்கிலத்துக்குப் போன வடிவம் மூலத்தோடு அச்சாகப் பொருந்தியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

நோயாளி

அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடலூர் துறைமுகம் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்று. ஐம்பதை ஒட்டிய வயது. ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பவர். கேட்பவர்களுக்கு அங்கேயே ஆய்ந்தும் கொடுப்பார். கணவர் படகுக்குப் போகிறவர், மகள் புதுச்சேரியில் கட்டிக்கொடுக்கப்பட்டவர். அதனால்தான் எங்களிடம் வந்தார்.

ஐஸ் தண்ணீர் தேங்கிய தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். ஆர எலும்பின் மணிக்கட்டுப் பக்கத்து முனை உடைந்து பின்பக்கமாகச் சாய்ந்தது. 1814இல் டப்ளினில் ஆபிரகாம் காலஸ் விவரித்த அதே முறிவு. எக்ஸ்ரே வருவதற்கு 80 வருஷத்துக்கு முன்பே அவர் கையைத் தொட்டுப் பார்த்தே எழுதிவைத்தார். இவர் முதலில் நாட்டு வைத்தியரிடம் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு, வீக்கம் குறையாததால் ஆஸ்பத்திரிக்குப் போய், எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார். அறுவை இல்லை. கட்டுப் பிரித்த பிறகு எங்களிடம் வரும்போது மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்குவது 30 பாகை; நல்ல கையில் 70. விரல்களை முழுசாக மடக்க முடிந்தது. உள்ளங்கையை மேல் நோக்கித் திருப்புவதுதான் ரொம்பச் சிரமம்.

ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எழுத்துக்கூட்டி வாசிப்பார், ஆனால் கண்ணாடி கொண்டுவரவில்லை. எனவே கேள்வியை வாசித்துக் காட்டி, எண் வரைந்த அட்டையில் அவரையே விரல் வைக்கச் சொன்னோம்.

தாளில் வந்தது

வலிக் கேள்விகள் ஒழுங்காகப் போயின. சும்மா இருக்கும்போது 2, கையைத் திரும்பத் திரும்ப அசைக்கும் வேலையில் 6, கனம் தூக்கும்போது 8, உச்சத்தில் 9, எத்தனை தரம் வலிக்கிறது என்பதற்கு 6. மொத்தம் 31. இது நம்பும்படி இருந்தது.

வேலைக் கேள்விகள் வந்ததும் விரல் அட்டையின் இடது ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. கதவுக் கைப்பிடி: 0. கத்தியால் இறைச்சி: 0. சட்டைப் பொத்தான்: 0. நாற்காலியிலிருந்து எழுவது: 0. எடை தூக்குவதற்கு மட்டும் 8. டிஷ்யூ காகிதம் என்றதும் சிரித்துவிட்டு 0. உடம்பைக் கவனித்துக்கொள்வது 5, வீட்டுவேலை 7, தொழில் 10, பொழுதுபோக்கு 0. கூட்டினால் 30, பாதி 15. வலியோடு சேர்த்து 46.

முன்சோதனையில் தாள் முடிந்ததும் ஒவ்வொரு பதிலுக்கும் "எதை நினைத்து இந்த எண்ணைச் சொன்னீர்கள்?" என்று கேட்பது முறை. அந்தப் பேச்சில்தான் விஷயம் வந்தது.

"கத்தியால வெட்டறதுக்குச் சிரமம் இல்லன்னு சொன்னீங்களேக்கா, இப்ப வெட்டறீங்களா?"

"கத்தி யாரு தொட்டா தம்பி? நமக்கு அரிவாள்மனதான். அதுல உட்காந்தே ரெண்டு மாசம் ஆவுது. மீனை அழுத்தித் தள்ள முடியுதா இந்தக் கையால?"

"அப்ப பூஜ்ஜியம்னீங்க?"

"நீ கத்தியதான கேட்ட?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள்தான், திருப்புகிற உருண்டை கிடையாது. அவர் சட்டை போடுவதில்லை; ரவிக்கைக்குக் கொக்கி, அதை மருமகள் மாட்டிவிடுகிறாள். நாற்காலி ஒன்று இருக்கிறது, வருகிறவர்களுக்கு. அவர் உட்காருவதும் எழுவதும் தரையில். இப்போது இடது கையையும் சுவரையும் பிடித்துத்தான் எழுகிறார். பொழுதுபோக்கு என்ற கேள்விக்கு அவர் கேட்டது: "அதுக்கெல்லாம் ஏது நேரம்?"

ஆக ஆறு பூஜ்ஜியத்துக்கும் "சிரமம் இல்லை" என்று பொருள் இல்லை. "அப்படியொரு வேலை என் வாழ்க்கையில் இல்லை" என்றுதான் பொருள். தாளுக்கு இந்த இரண்டும் ஒன்றுதான்.

வெற்றிடமாக விட்டிருந்தால்

மூலத் தாளில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. கடந்த வாரத்தில் அந்தச் செயலைச் செய்யவில்லை என்றால், செய்தால் எவ்வளவு சிரமமாக இருக்கும் என்று ஊகித்துச் சொல்லலாம். ஒருபோதும் செய்ததே இல்லை என்றால் கேள்வியை வெற்றிடமாக விட்டுவிடலாம். தமிழ்த் தாளின் தலைப்பிலும் இந்தக் குறிப்பு இருந்தது, அவருக்கு வாசித்தும் காட்டினோம். ஆனால் தலைப்பில் ஒரு தடவை வாசித்த குறிப்பு ஏழாவது கேள்வி வரும்போது யாருக்கு நினைவிருக்கும்? அதோடு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது நம் ஆட்களுக்கு வராது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கேட்கும்போது "தெரியாது, விட்டுடுங்க" என்று சொல்வது மரியாதைக் குறைவாகப் படுகிறது. ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும், கெடுதல் இல்லாத எண் பூஜ்ஜியம்.

அவர் ஆறையும் வெற்றிடமாக விட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? விடுபட்ட கேள்விக்கு அந்தப் பிரிவில் பதில் சொன்னவற்றின் சராசரியை நிரப்புவது வழக்கம். பதில் சொன்னவை நான்கு: 8, 5, 7, 10. சராசரி 7.5. பத்துக் கேள்விக்கு 75, பாதி 37.5. வலியோடு சேர்த்து 68.5. பூஜ்ஜியம் போட்டபோது 46. ஒரே ஆள், ஒரே கை, நடுவே 22.5 புள்ளி. மணிக்கட்டு முறிவு நோயாளிகளுக்கு ஏறத்தாழ 11.5 புள்ளி மாறினால் அதை அவர்களே ஒரு மாற்றமாக உணர்கிறார்கள் என்று 2015இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இங்கே கை ஒரு நூல் அளவுகூட மாறாமல் அதைப்போல் இரண்டு மடங்கு வித்தியாசம் வருகிறது.

68.5 சரியான எண் என்று நான் சொல்லவரவில்லை. நான்கு பதிலை வைத்து ஆறு பதிலை உண்டாக்குவது கணக்கு, அளவீடு இல்லை. டேஷ் தாளில் 30இல் குறைந்தது 27க்குப் பதில் இல்லாவிட்டால் மதிப்பெண்ணே போடக்கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறார்கள், அது நியாயம்.

கணக்கு ஏன் பிடிக்கவில்லை

மொழிபெயர்த்த வினாத்தாளைச் சோதிப்பது என்றால் பெரும்பாலும் நினைவுக்கு வருவது இரண்டு எண்கள்தான். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சொல்லும் க்ரோன்பாக் ஆல்ஃபா ஒன்று; 0.70க்கும் 0.95க்கும் இடையில் இருந்தால் நல்லது என்பார்கள். அதே ஆளிடம் சில நாள் கழித்துக் கேட்டால் அதே பதில் வருகிறதா என்று சொல்லும் ஐ.சி.சி. மற்றொன்று; 0.70க்கு மேல் வேண்டும். முதலாவதற்கு 100 பேராவது, இரண்டாவதற்கு 50 பேராவது வேண்டும் என்பது டெர்வீ குழுவினர் 2007இல் சொன்ன அளவுகோல். ஆய்வேட்டில் இந்த இரண்டு எண்ணும் நன்றாக வந்துவிட்டால் "நம்பகமானது, செல்லுபடியானது" என்று முடிவுரை எழுதிவிடலாம். எழுதியும் வருகிறோம்.

இந்த அம்மாவின் தாளை இந்த இரண்டு எண்ணும் என்ன செய்திருக்கும் என்று பாருங்கள். அடுத்த தடவை சிகிச்சைக்கு வந்தபோது அதே தாளைத் திரும்பக் கேட்டோம். வலிக் கேள்விகளில் ஓரிரு புள்ளி ஏறி இறங்கின. ஆறு பூஜ்ஜியமும் அப்படியே திரும்ப வந்தன. வராமல் என்ன செய்யும்? கத்தியைத் தொடாதவர் இரண்டு நாளில் தொடப்போவதில்லை. பொருந்தாத கேள்விக்கு வரும் பூஜ்ஜியத்தைப்போல மாறாத பதில் வேறு எதுவும் கிடையாது. அது ஐ.சி.சி.யைக் கெடுக்காது. இன்னும் சொல்லப்போனால், ஒரு பாதிப் பேர் செய்வதே இல்லை என்பதால் 0, மறுபாதிப் பேர் செய்து பார்த்து 8 என்று சொன்னால், ஆளுக்கு ஆள் வேறுபாடு பெருகி ஐ.சி.சி. இன்னும் அழகாகத் தெரியும்.

ஆல்ஃபாவும் அப்படித்தான். மிச்சமுள்ள கேள்விகள் ஒன்றையொன்று ஒட்டிப் போவதால் மொத்த எண் விழாது. எல்லோருமே 0 போட்ட கேள்வி ஒன்று இருந்தால் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் அதைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டு ஒரு வரி எச்சரிக்கை தரும். அந்த வரியை எத்தனை பேர் வாசிக்கிறார்கள்? 15 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் ஆகக் குறைந்த மதிப்பெண்ணிலோ ஆக உயர்ந்த மதிப்பெண்ணிலோ குவிந்தால் தாளில் கோளாறு என்று ஒரு விதி இருக்கிறது. அது மொத்த மதிப்பெண்ணுக்கு. தனிக் கேள்வியில் பூஜ்ஜியம் குவிவதை அது பார்ப்பதில்லை. திரும்ப மொழிபெயர்ப்பதும் உதவாது: கதவுக் கைப்பிடி தமிழுக்கு வந்து ஆங்கிலத்துக்குப் பத்திரமாகத் திரும்பிப் போகும். அந்தப் பயணத்தில் யார் வீட்டிலும் அந்தக் கைப்பிடி இருக்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

கணக்கைக் குறைத்துப் பேசவில்லை. அளவீட்டுப் பிழை தெரியாமல் தாளை நோயாளிக்குப் பயன்படுத்தவே கூடாது. உதாரணத்துக்கு, ஒரு குழுவில் மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம் 20, ஐ.சி.சி. 0.90 என்று வைத்துக்கொள்வோம். 1இலிருந்து 0.90 போனால் 0.1. அளவீட்டுப் பிழை 20 பெருக்கல் 0.1இன் வர்க்கமூலம், அதாவது 6.3. இதை 95 சதவீத உறுதிக்காக 1.96ஆலும், இரண்டு தடவை அளப்பதால் 2இன் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் 17.5. ஒரு தனி நோயாளியின் மதிப்பெண் 17.5க்குக் குறைவாக மாறினால் அது கை தேறியதா, தாளின் ஆட்டமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 0.90 என்பது கட்டுரையில் பெருமையாக எழுதும் எண். அதுவே தனி ஆளுக்கு வரும்போது இவ்வளவு முரடாக இருக்கிறது. இந்தக் கணக்கு அவசியம். ஆனால் தாள் எதை அளக்கிறது என்ற கேள்விக்குப் பிறகுதான் எவ்வளவு துல்லியமாக அளக்கிறது என்பது.

என்ன மாற்றினோம்

பீட்டன் வழிமுறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. முள்கரண்டி பயன்படுத்தாத நாட்டில் முள்கரண்டியால் சாப்பிடுவதைக் கேட்காதே, அதே நோக்கம் கொண்ட வேறு செயலைப் போடு என்று அவர்களே உதாரணம் தருகிறார்கள். நோக்கம் என்ன என்பதில்தான் வாதம் வரும். எங்கள் குழுவில் நன்றாகவே வந்தது.

அதிக நேரம் எடுத்தது அரிவாள்மனை. கத்தியில் வலது கை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை நிறுத்தி, அழுத்துகிறது. அரிவாள்மனையில் கருவி அசைவதில்லை. அதைக் காலால் அழுத்திக்கொள்கிறோம், இரண்டு கையும் மீனைப் பிடித்து அலகின் மேல் தள்ளுகின்றன. பிடிக்கும் விதம் வேறு, மணிக்கட்டு சாயும் பக்கம் வேறு, பாரம் இரண்டு கைக்கும் பிரிகிறது. அசைவியல்படி பார்த்தால் இது வேறு செயல் என்றார் ஒருவர். அவர் சொன்னது சரி. ஆனால் அன்றாடம் கூரான ஒன்றை வைத்து உணவை நறுக்கும்போது கை எவ்வளவு உதவுகிறது என்பதுதான் கேள்வியின் நோக்கம் என்றால், நம் ஊரில் அது பாதி வீடுகளில் கத்தியும் பலகையும், பாதி வீடுகளில் அரிவாள்மனை. கடைசியில் "கத்தியாலோ அரிவாள்மனையிலோ காய், மீன் அல்லது இறைச்சி நறுக்குவது" என்று வைத்தோம். காய் சேர்க்காவிட்டால் சைவக்காரர்கள் எல்லோரும் இன்னொரு பூஜ்ஜியம் போடுவார்கள்.

நாற்காலியில் அவ்வளவு வாதம் இல்லை. "தரையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ கையை ஊன்றி எழுவது." மணிக்கட்டு பின்பக்கம் மடங்கிய நிலையில் உடம்பின் பாரம் இறங்குவது இரண்டிலும் ஒன்றுதான். தரையிலிருந்து எழுவது கூடுதல் கஷ்டம், அதனால் இந்தக் கேள்வியில் நம்மவர்களின் எண் கொஞ்சம் ஏறும். வெளிநாட்டுச் சராசரியோடு ஒப்பிடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கதவுக் கைப்பிடிக்குப் பதில் தண்ணீர்க் குழாயைத் திருகுவது. முன்கை சுழல்வதுதான் அங்கே முக்கியம். பொத்தானோடு கொக்கியைச் சேர்த்தோம். எடைக்கு ஒருவர் குடம் என்றார். நிறைகுடம் 10 லிட்டருக்கு மேல் பிடிக்கும், 10 பவுண்டோ நாலரை கிலோதான். 5 கிலோ அரிசிப் பை என்று முடிந்தது.

டிஷ்யூ காகிதம்தான் எதிர்பாராத இடத்துக்குக் கொண்டுபோனது. கழுவுவது இடது கை, எனவே வலது கை உடைந்தவருக்குக் கேள்வி பொருந்தாது என்று எல்லோரும் நினைத்தோம். அவரோ, "சொம்பை எந்தக் கையால சாய்ப்ப?" என்று கேட்டார். வலது கையால்தான். நிறைந்த சொம்பைப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சாய்ப்பது முறிந்த மணிக்கட்டுக்கு லேசான வேலை இல்லை. "கழிப்பறையில் தண்ணீர் மொண்டு கழுவிக்கொள்வது" என்று போட்டோம், இரண்டு கைக்கும் பொருந்தியது.

மாற்றிய கேள்விகளுக்கு அதே நாளில் அவர் சொன்னவை: குழாய் 6, நறுக்குவது 9, கொக்கி 6, எழுவது 9, எடை அதே 8, கழுவுவது 4. பொழுதுபோக்குக்கு "வேலை இல்லாத நேரத்தில் நீங்கள் விரும்பிச் செய்வது, கோலம், போன், கோயில் திருவிழா, விளையாட்டு எதுவானாலும்" என்று விரித்துக் கேட்டதும் 5 என்றார். கூடவே, மாசிமகத்துக்குப் போனபோது பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல் தடுமாறியதையும் சொன்னார். வேலைப் பிரிவு 69, பாதி 34.5. மொத்தம் 65.5.

அப்புறம் ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் "நான் இதைச் செய்வதே இல்லை" என்று ஒரு கட்டம் வைத்தோம். இது மதிப்பெண்ணில் சேராது. முன்சோதனையில் எந்தக் கேள்வியில் இந்தக் கட்டம் அதிகம் நிரம்புகிறதோ அது ஊருக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். இவ்வளவு சின்ன விஷயம் மொழிபெயர்ப்பு வழிமுறைகளில் கட்டாயமாக இல்லாதது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

வேறு சில தொல்லைகள்

பத்து என்றால் மோசம் என்பதை மண்டையில் ஏற்றுவது லேசில்லை. பள்ளிக்கூடம் போன யாருக்கும் பத்துக்குப் பத்து என்றால் முதல் மதிப்பெண். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினில் விரல் நசுங்கிய இளைஞர் ஒருவர் வரிசையாக 9, 9, 8 போட்டுவிட்டு "நல்லா இருக்கு சார்" என்றார். நம் ஆட்கள் குணமானதைத்தான் பின்னத்தில் சொல்வார்கள்: "முக்காவாசி சரியாயிடுச்சு." தாள் கேட்பதோ மிச்சமிருக்கும் கெடுதலை. அதனால் முதலில் ஒரு பழக்கக் கேள்வி வைத்தோம், நல்ல கையால் பேனாவைத் தூக்குவது பற்றி. அதற்கு 0 வராவிட்டால் மறுபடி விளக்கிவிட்டுத்தான் மேலே போவோம்.

சிகிச்சை தருகிறவரே கேட்டால் எண் குறைகிறது. "பரவால்ல சார், உங்க புண்ணியத்துல" என்று சொன்ன வாயால் எட்டு என்று சொல்ல வராது. சிகிச்சையோடு தொடர்பில்லாத ஒருவரைக் கேட்கவைத்தோம். கூட வரும் உறவினர்களுக்கு நேர்மாறான பழக்கம்: நோயாளி வாயைத் திறப்பதற்குள் "எதுவுமே முடியல, பத்து போடுங்க" என்பார்கள். அவர்களுக்கு வெளியே டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைப்பதைத் தவிர வேறு முறை நான் கண்டுபிடிக்கவில்லை. வாசித்துக் காட்டி வாங்கும் பதிலும் தானே எழுதும் பதிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர்களில் ஒரு பகுதியினரிடம் இரண்டு விதமாகவும் கேட்டு ஒப்பிடுகிறோம்.

மறுசோதனை இடைவெளியும் இடக்கானது. கட்டுப் பிரித்த முதல் வாரங்களில் கை நாளுக்கு நாள் மாறும். இரண்டு வாரம் விட்டால் உண்மையிலேயே தேறியிருப்பார்கள், இரண்டு நாளில் கேட்டால் போன பதிலை நினைவில் வைத்துச் சொல்வார்கள். கட்டுப் பிரித்துச் சில மாதங்கள் ஆனவர்களை மட்டும் மறுசோதனைக்கு எடுத்து, "போன தடவைக்கு இப்போது கையில் மாற்றம் உண்டா?" என்று தனியாகக் கேட்டு, இல்லை என்றவர்களை மட்டும் கணக்கில் சேர்க்கிறோம்.

மூன்று மாதம் கழித்து

மூன்று மாதம் கழித்து அவரிடம் இரண்டு தாளையும் கேட்டோம். வலி 15க்கு இறங்கியிருந்தது. பழைய தாளில் மொத்தம் 20, புதிய தாளில் 27. பழையதில் 46இலிருந்து 20க்கு 26 புள்ளி இறக்கம், புதியதில் 65.5இலிருந்து 27க்கு 38.5. ஆறு கேள்விகள் தொடக்கத்திலேயே பூஜ்ஜியத்தில் நின்றால் கை தேறினாலும் அவற்றுக்கு இறங்க இடம் இல்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. புதிய தாளில் எல்லாம் 4, 3, 2 என்று இறங்கியிருக்க, தரையிலிருந்து எழுவது மட்டும் 5இல் நின்றது. பிடி வலு நன்றாகத் தேறியிருந்தது, எக்ஸ்ரேயும் ஒழுங்கு. பழைய தாளை மட்டும் பார்த்திருந்தால் "இனி வர வேண்டாம்" என்று அனுப்பியிருப்போம். அந்த 5ஐப் பிடித்துப் பார்த்தபோது, பின்பக்கம் மடங்குவது 50 பாகையைத் தாண்டவில்லை; பாரம் இறங்கும்போது சுண்டுவிரல் பக்கத்தில் வலி. முதலில் சுவரில் உள்ளங்கையை ஊன்றிச் சாய்வது, அப்புறம் மேசை, அப்புறம் தரை என்று பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் பயிற்சிக்கு மாற்றினோம்.

தொழில் பற்றிய கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. அது கடந்த ஒரு வாரத்தைக் கேட்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, ஏலத்துக்கு வரும் மீன் சுருங்கிவிடும், இவரைப்போன்றவர்கள் வீட்டில் இருப்பார்கள். மே மாதத்தில் "தொழிலில் சிரமம்?" என்று கேட்டால் கை உடைந்தவரும் உடையாதவரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். செய்யாத வேலைக்கு ஊகித்துச் சொல்லலாம் என்ற குறிப்பை இந்தக் கேள்விக்குள்ளேயே எழுதிப் பார்த்தோம். சிலர் ஊகிக்கிறார்கள், சிலர் "தொழிலே இல்லியே" என்று மறுபடி பூஜ்ஜியத்தில் விரல் வைக்கிறார்கள். தடைக்காலத்தில் வாங்கும் தாள்களில் தேதிக்குப் பக்கத்தில் அதைக் குறித்துவைத்து, அந்தக் கேள்வியைத் தனியாகப் பிரித்துக் கணக்கிடுவது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். கரும்பு வெட்டுக்கும் பண்ருட்டி முந்திரிப் பருவத்துக்கும் இதையே செய்ய வேண்டியிருக்கும்.